ஈரம் உலர்வதற்குள்

(கொல்கத்தாவில் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொருளாதாரம் பயின்றவன் கலையைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனக்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றமையால் அரசுக் கல்லூரிகளில் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பை இழந்தார். 1944இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர், இந்நகரின் பேஹாலாவில் 1904இல் பிறந்த வினோத் பிஹாரி முகர்ஜி. இளமை முதலே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றொன்றும் மங்கலானது. ஆயினும் 1946-47இல் ஹிந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை அவர் தீட்டினார். சுப்பிரமணியன் உள்ளிட்ட மாணவர்கள் உடன் உழைத்தனர்.

ஈரச் சுண்ணப் பூச்சின் மீது தீட்டும் முறை அது. பூச்சு உலர்வதற்குள் வண்ணம் ஏறிவிட வேண்டும். பின்னர் திருத்துவது அரிது. ஆகவே அன்றன்று முடிக்கக்கூடிய அளவுக்கே பூச்சு இடுவர். அத்தகைய வேலையில் கவனம் சிதற இடமில்லை. பணி திறமையை விஞ்சினால் அச்சமும், திறமை பணியை விஞ்சினால் சலிப்பும் தோன்றும். இரண்டும் ஒத்திருக்கையிலேயே மனம் வேலையில் லயிக்கும் என்றார் உளவியலறிஞர் சிக்சென்ட்மிஹாய். அன்றன்றைய அளவறிந்து பூச்சு இட்ட ஆசிரியர், மாணவர்க்கு இந்த நிலையை அமைத்துக் கொடுத்தார் என்பது என் கருத்து. விரிவுரையைவிட, ஆசிரியரோடு ஒரே சுவரில் உழைத்ததே அவர்களுக்குப் பெரும் பாடமாக இருந்திருக்கும்.

1950களின் பிற்பகுதியில் முகர்ஜி பார்வையை முற்றிலும் இழந்தார். அதன் பின்னரும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படைத்தார், கற்பித்தார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். சுப்பிரமணியனோ கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணியாற்றினார்; பரோடாவிலும், 1980 முதல் சாந்திநிகேதனத்திலும் கற்பித்தார். 2009இல், தமது எண்பத்தைந்தாம் வயதில், கலாபவனத்தின் சுவரில் மீண்டும் ஓவியம் தீட்டினார்.

அலுவலர்களாகிய நமக்கு இதில் என்ன பாடம்? நானே பல ஆண்டுகள் பயிற்சி வகுப்புகளில் குறிப்பேட்டைப் பார்த்துப் படித்து வந்தவன். பாடப்பகுதி முடிந்தது என்ற நிறைவு எனக்கு இருந்தது. கேட்டவர்களிடம் ஐயங்கூட எழவில்லை. ஒருநாள் குறிப்பேட்டை ஒதுக்கி, ஒரு வட்டாரத்தின் வரவு செலவுக் கணக்கை அவர்களோடு சேர்ந்து போட்டேன். இடையில் தவறினேன், ஓர் இளைஞர் திருத்தினார். வகுப்பு உயிர் பெற்றது.

லயிப்பை அரசாணையால் உண்டாக்க முடியாது. ஆனால் அதைக் குலைப்பது எளிது. ஓயாத படிவங்களும் புள்ளிவிவரக் கோரிக்கைகளும் ஆசிரியரின் பொழுதை விழுங்கினால், அவர் எதையும் படைக்க மாட்டார். படைக்காதவர் படைப்பைக் கற்பிப்பது எங்ஙனம்? கணக்குக் கேட்பது நம் கடமையே. ஆயினும் பூச்சின் ஈரம் உலர்வதற்குள் ஆசிரியரைச் சுவரிலிருந்து அழைக்காதிருப்பதும் நம் கடமைகளுள் ஒன்று.