ஒரு நர்ஸம்மாவுக்கு எத்தனை கட்டில்?

(மே 12 செவிலியர் நாளையொட்டி தஞ்சாவூர் ரயிலடியில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



முதலில் ஒரு தப்பை ஒத்துக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னாடி, சம்பா பயிர் நிக்கிற நேரம். ராத்திரி வயலுக்குத் தண்ணி கட்டப் போன என் சித்தப்பா மகனை கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஒரு அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போனோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, டெல்டாவில் எல்லா ஊரிலும் இதே கதைதான். டாக்டர் பார்த்து, மருந்து எழுதி, டிரிப்ஸ் ஏற ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் பையனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்குது. நர்ஸைக் காணோம். வார்டே அதிர நான் கத்தினேன்: "ஏம்மா, நீங்கல்லாம் சம்பளம் வாங்கலையா?"

ஓடி வந்தது அந்தப் பொண்ணு. டிரிப்ஸை நிறுத்தி, ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, பையன் மூச்சு சீரான பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தது. "அண்ணே, இந்த வார்டுக்கு ராத்திரி நான் ஒருத்திதான். கட்டில்ல நாப்பது பேர், கீழ பாயில ஆறு பேர். அந்தக் கோடியில ஒருத்தருக்கு ரத்தம் ஏறுது, அங்க நின்னேன்." அவ்வளவுதான் சொன்னது. எனக்குப் பேச்சு வரல.

பாம்புக்கடி நமக்குப் புதுசு இல்ல. ஆனா அந்த வைத்தியத்தில் நர்ஸோட வேலை என்னன்னு நமக்குத் தெரியாது. கடிபட்டவர் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைக்கணும். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுத்திருக்கு என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து சுமார் ஒரு மணி நேரம் ஏறும். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் பிரஷர் சரிந்து ஆளைக் கொண்டு போயிடும். அதனால் மருந்து ஏறும்போது பக்கத்தில் ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும். 6 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும். மருந்து எழுத டாக்டருக்கு இரண்டு நிமிஷம் போதும். ராத்திரி பூரா கண் விழித்துப் பார்க்கிறது யாரு? மிச்சம் 45 பேரையும் வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது?

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு சொல்லியிருக்கு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர். ஐரோப்பாவில் 9 நாடுகளில், 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆய்வு நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் தலையில் ஒரே ஒரு நோயாளி கூடினால், நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் எந்த வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் வரை என்று சட்டமே போட்டு 2004-லிருந்து நடத்துது.

இங்கே என்ன நடந்தது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., 2015-இல் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு வருஷம் முடிஞ்சது, நிரந்தரம் வரல. 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோட வந்தவங்களும் உண்டு. உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள். சம்பளம் பிறகு 14,000, 18,000 என்று ஏறியது. நிரந்தரமோ காலியிடம் விழ விழ, கொஞ்சம் கொஞ்சமாக. கொரோனாவில் நம்ம ஊர்க்காரன் பக்கத்தில் நிற்கப் பயந்தப்போ கவச உடையில் வியர்த்து நின்ற ஒப்பந்த செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, 2022 டிசம்பர் 31-ஓட ஒப்பந்தம் முடிஞ்சதுன்னு வீட்டுக்கு அனுப்பினார்கள். 2025 டிசம்பரில் மறுபடி சென்னையில் போராட்டம். ஆட்சி மாறியும் இந்தக் கதை மாறல, ஒளிச்சுப் பேச இதில் ஒண்ணுமில்ல.

நாளைக்கு வேலை உண்டா என்பது அடுத்தவன் வாயில் இருந்தால் எப்படி இருக்கும்னு தஞ்சை மண்ணுக்குச் சொல்லித் தரணுமா? நினைச்ச நேரத்தில் ஆளை விரட்டுகிற பண்ணை வழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. வார்டில் மருந்து இல்லை, ஆள் பத்தலைன்னு நிரந்தர ஊழியர் வாய் திறந்து கேட்கலாம். ஒப்பந்தத்தில் இருக்கிறவங்க கேட்க முடியுமா? கேட்காமல் இருந்தால் நஷ்டம் படுத்திருக்கிற நமக்குத்தான்.

தனியார் மருத்துவமனை நிலைமை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் போராடி 2018-இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வாங்கினார்கள். உங்க தெருவில் ஒரு நர்ஸ் பொண்ணு இருக்கும், சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க.

2022 ஜனவரியில் நாகப்பட்டினம், அரியலூர் உட்பட தமிழ்நாட்டில் 11 மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தார்கள். கட்டடம் வந்ததில் நமக்கும் மகிழ்ச்சிதான். கவுன்சில் கணக்குப்படி செவிலியர் பணியிடம் உருவாக்கணும், இருக்கிற ஒப்பந்த செவிலியரை அந்த இடங்களில் நிரந்தரமாக்கணும், ஒவ்வொரு வார்டு வாசலிலும் இன்றைக்கு இத்தனை நோயாளி, இத்தனை செவிலியர்னு பலகையில் எழுதணும். இதுதான் நம்ம கோரிக்கை.

படிக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என்னை மாதிரி கத்துவதற்கு முன்னாடி கட்டிலை எண்ணுங்க, நர்ஸை எண்ணுங்க. தேதி, நேரம் போட்டு எழுதிக்குங்க. ஆகஸ்ட் 15 கிராமசபை வருது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி எத்தனை செவிலியர் என்பதைத் தீர்மானமாகக் கொண்டு வாங்க, தீர்மான நோட்டில் எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்க.