தேர்ச்சி விழுக்காடு சொல்வதும் சொல்லாததும்

(செஞ்சியில் நிகழ்ந்த கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மேனிலைத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் நாம் முதலில் நோக்குவது தேர்ச்சி விழுக்காடு. 2023-ல் தமிழகத்தில் அது 94.03. மகிழத் தக்கதே. ஆயின் அந்த எண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

அவ்வாண்டு தேர்வு எழுதியோர் 8,03,385 பேர்; தேர்ச்சி பெற்றோர் 7,55,451 பேர். எழுதியோரில் நூற்றுக்கு எத்தனை பேர் வென்றனர் என்பதே விழுக்காடு. தவறியோர் ஏறத்தாழ 48,000 பேர். அதே தேர்வின் முதல் நாளாகிய மார்ச்சு 13 அன்று மொழித்தாள் எழுத வராதவரோ 50,000-க்கும் மேற்பட்டோர்! தவறியவரினும் வராதவர் மிகுதி. தேர்வுக்கே வராதவர் அந்த விழுக்காட்டில் இடம்பெறுவதில்லை.

ஒரு பள்ளியில் மேனிலை முதலாண்டிற் சேர்ந்தோர் 50 பேர் எனக் கொள்வோம். இடையில் 20 பேர் நின்றுவிட, 30 பேர் எழுதி 27 பேர் வென்றனர். அறிவிக்கப்படும் தேர்ச்சி 90 விழுக்காடு. சேர்ந்தோரை வைத்துக் கணக்கிட்டால் 54 விழுக்காடே. இரண்டும் பொய்யல்ல. முன்னது பள்ளியின் கணக்கு. பின்னது நம் தெருவின் கணக்கு.

நின்றவர் யாவர்? பெற்றோருடன் கரும்பு வெட்டவும் செங்கற்சூளைக்கும் சென்றவர். சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவர். படிப்பின் நடுவே மணமுடிக்கப்பட்ட பெண்மக்கள். "நீ எழுதினால் பள்ளியின் விழுக்காடு குறையும்" என்று மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பப்பட்டவரும் நம்மிடையே உண்டு. இராசகிரியின் உச்சியை அடைந்தோரை எண்ணுகின்றோம். அடிவாரத்திலேயே திரும்பியோரை எண்ண மறந்தோம்.

தவறியவர்க்கும் ஒரு சொல். ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் பெறாதவரும், ஆறு பாடங்களிலும் பெறாதவரும் கணக்கில் ஒன்றே, வாழ்வில் ஒன்றல்லர். தவறிய பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம், ஆண்டு வீணாகாது. அண்ணல் அம்பேத்கர் 1907-ல் மெட்ரிக்குலேஷன் தேர்வில் வென்றபோது பெற்றது 750-க்கு 282. அவ்வெற்றியைப் பெரியோர் கூடிப் பாராட்டினர். அந்த மதிப்பெண்ணா அவர்தம் உயரத்தை அளந்தது? அது ஒரு வாயிலைத் திறந்தது, அவர் நடந்தார்.

நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில், சிதம்பரத்தில், 1916-ல் சுவாமி சகசானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்காகவே. அவ்வழியில் நமக்கும் ஒரு கடமை உண்டு.

பத்தாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் கழகம் ஒரு பதிவேட்டில் எழுதுக. ஒருவர் பள்ளிக்கு வரவில்லையெனில் அவ்வாரமே இருவர் அவ்வீட்டிற்குச் செல்க. தேர்வு நாளில் ஒரு தாளைத் தவறவிட்ட பிள்ளையை அன்று மாலையே கண்டு, அடுத்த தாளை எழுத அழைத்து வருக. பணமின்மை காரணமெனில் கழகம் தோள் கொடுக்க வேண்டும். அச்சம் காரணமெனில் முன்பு தவறிப் பின்பு வென்ற அண்ணன்மாரும் அக்காள்மாரும் பேச வேண்டும்.

செய்தித்தாள் தரும் விழுக்காடு மாநிலத்துக்குரியது. நம் பதிவேட்டில் ஒரு பெயரும் விடுபடாதிருப்பதே நமக்குரிய தேர்ச்சி.