போஸ்டே வேற சார்!



தொழிலாளர் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளப் பதிவேடுகளைப் புரட்டியே கண்ணாடி தடித்துப்போனது. ஒருநாள் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பதிவேட்டில் ஆண்கள் எல்லாரும் 'சேல்ஸ்மேன்', பெண்கள் எல்லாரும் 'ஹெல்பர்'. பெண்களுக்குச் சம்பளம் குறைவு. மாடியேறிப் பார்த்தால், இரண்டு தரப்பும் ஒரே கவுண்டரில் நின்று சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டதற்கு மேனேஜர், "போஸ்டே வேற சார்" என்றார்.

பெயரைப் பார்க்காதே, வேலையைப் பார் என்றுதான் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. அந்தப் பெண்களிடம் வாக்குமூலம் கேட்டேன். "எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு இங்க வேலைக்கு வர முடியுமா சார்?" என்றார் ஒருவர். பதில் சொல்லத் தெரியவில்லை. குறிப்பு எழுதிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பம்பாயில் மெக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் கம்பெனியிலும் இதே கதைதான். அங்கே பெண் சுருக்கெழுத்தாளர்களுக்குத் தனிப் பெயர், தனிச் சம்பளம். 1977இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகுதான் அவர்களில் ஒருவர் மனுப் போட்டார். வேலை ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்ட அதிகாரியே மனுவைத் தள்ளுபடி செய்தார்! மேல்முறையீட்டில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நிலுவை 7,196 ரூபாய் 67 காசு. அதையும் கொடுக்க மனமில்லாத கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், கையில் பணமில்லை என்றெல்லாம் வாதாடியது. 1987இல் தோற்றது. கம்பெனியின் பணக் கஷ்டத்துக்காகச் சட்டம் வளையாது என்றது நீதிமன்றம்.

அந்தச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆய்வாளருக்கும் 'ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாற்றுவதில் முதலாளிகளுக்கு அரசாங்கம் சளைத்ததில்லை. ஆய்வுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஆதாரமாகக் காகிதம் வேண்டும், அதை வைத்துக்கொண்டு பேச ஓர் ஆள் வேண்டும்.

பட்டம் பெற வந்திருக்கும் உங்களில் பலருக்கு இன்னும் சில மாதங்களில் பணி நியமன ஆணை வரும். சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பதவிப் பெயரையும் படியுங்கள். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். நாளைக்கு நீங்களே மேனேஜராகி, பதிவேட்டைக் கேட்டு ஓர் ஆய்வாளர் வந்து நின்றால், தயவுசெய்து "போஸ்டே வேற சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.