ஏணியை விட்டு இறங்குவோம்: வேனுக்குள் நீரைத் தூய்மை செய்யும் முறை

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில், பட்டணத்து வேலைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்கி உங்கள் களைப்பைக் கூட்ட மாட்டோம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் பட்டணத்தில் கட்டடக் கண்ணாடி துடைக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வேனில் நீரைத் தூய்மை செய்யும் சாதனத்தைப் பொருத்தினோம். அதில் உங்கள் சந்தா வெள்ளியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

இந்த முயற்சி ஏன் பிறந்தது? முன் வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் தம்பியைப் பாருங்கள். ஒரு குத்தகைக்காரரிடம் கூலிக்குப் போய், இரண்டாம் மாடிக் கண்ணாடிக்கு ஏணி வைத்து ஏறினான். சோப்பு நீர் சிந்திய தரையில் ஏணி வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. பிறகுதான் தெரிந்தது, குத்தகைக்காரர் அவனுக்குச் சொக்சோ சந்தாவே கட்டவில்லை என்று. அந்த வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். அடுத்த பிள்ளை விழாதிருக்க என்ன வழி என்று கேட்டோம்.

பிரிட்டனில் உயரத்தில் வேலை செய்வது பற்றிய விதிகள் 2005-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. அவற்றின் முதற்கருத்து எளியது: ஏறாமலே செய்யக்கூடிய வேலையானால் ஏறிச் செய்ய வைக்காதே. அங்குள்ள கண்ணாடி துடைப்போர் பலர் ஏணியை விட்டுவிட்டு, நீண்ட கழியின் நுனியில் தூரிகை கட்டி, கழி வழியே நீரை ஏற்றி, தரையில் நின்றபடியே கழுவுகிறார்கள். நான்கு மாடி வரை இப்படிச் செய்யலாம்.

ஆனால் குழாய் நீரை அப்படியே பீய்ச்சினால் வேலை கெட்டுப்போகும். நீரில் சுண்ணம், மக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் ஆவியாகும், உப்பு கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகத் தங்கும். உப்பை முன்கூட்டியே எடுத்துவிட்டால், கழுவிய கண்ணாடி தானே உலர்ந்து பளிச்சென்று நிற்கும். துணி போட்டுத் துடைக்க வேண்டியதில்லை. துடைக்க மேலே ஏற வேண்டியதுமில்லை. சூட்சுமம் இவ்வளவுதான்.

கிராணிமார்களுக்கு ஓர் உவமை. பாலில் ரப்பர்ச் சத்து எவ்வளவு என்று மெட்ரோலாக் போட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா? நீரில் கரைந்த உப்பைக் காட்டவும் ஒரு சிறு மானி உண்டு. டி.டி.எஸ். மானி என்பார்கள். நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு உப்பு என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் மிக நன்று. பத்தைத் தாண்டினால் புள்ளி விழும் என்று எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

நாங்கள் முதலில் வாங்கியது இந்த மானியைத்தான். ஒரு கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே பெரிய இயந்திரத் தொகுதி ஒன்றை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். நிறுவையில் ஏமாந்து பழகிய பாட்டாளிகள் நாம். அளக்காமல் காசு கொடுப்போமா? வேனுக்கு நீர் பிடிக்கும் குழாயில் மானியை வைத்தோம். 40 காட்டியது. சுண்ணப் பாறையில் ஊறி வரும் இலண்டன் நீரைப் போன்றதல்ல இது, மென்மையான நீர். அப்போதே செலவில் பாதி குறைந்தது.

தூய்மை செய்யும் வரிசையைச் சொல்கிறோம். முதலில் மண்ணும் துருவும் பிடிக்கும் வடிகட்டி. இரண்டாவது கரி வடிகட்டி. இது குளோரினைப் பிடிக்கும். மூன்றாவது எதிர்ச்சவ்வூடு பரவல் சவ்வு. அழுத்தம் கொடுத்து நீரை மட்டும் தள்ளி, உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தடுத்துவிடும். குளோரின் இந்தச் சவ்வை அரித்துவிடும் என்பதால்தான் கரி அதற்கு முன்னே நிற்கிறது. சவ்வு வெளியே தள்ளும் உப்பு நீரும் கணிசமாக இருக்கும். அதைக் கொட்டாமல் வண்டி கழுவப் பிடித்துக்கொள்ளலாம். நான்காவது ரெசின் மணிகள் நிறைந்த உருளை. மிச்ச உப்பைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு தூய நீரைக் கொடுக்கும். வாங்க இடமில்லாமல் நிறைந்துபோனால் மணிகளை மாற்ற வேண்டும்.

நீர் மென்மையானால் சவ்வு இல்லாமல் ரெசின் மட்டுமே போதும். நாங்களும் அப்படியே தொடங்கினோம். பிறகு ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே கிணற்று நீரைப் பிடித்தோம். மானி 280 காட்டியது. நாற்பதைப்போல் ஏழு மடங்கு! வாரக்கணக்கில் வரவேண்டிய ரெசின் சில நாளில் தீர்ந்தது. அதன் பிறகே சிறிய சவ்வு ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். ஆகவே எந்தக் குழாயிலும் முதலில் அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

ஸ்டோரில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்ந்த ரெசினை ஆசிட் ஊற்றி உயிர்ப்பிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். இரண்டு வகை மணிகளைப் பிரித்து, ஒன்றுக்குக் கடுமையான அமிலமும் மற்றதற்குக் காஸ்டிக் சோடாவும் வேண்டும். வீட்டுக் கொல்லையில் செய்யும் வேலையல்ல அது. கை வைக்காதீர்கள்.

இனி, குழுவுக்குள் சண்டையே மூட்டிய விஷயத்துக்கு வருகிறோம்: தொட்டியின் அளவு. பெரிய தொட்டி வைத்தால் அடிக்கடி நிரப்ப வேண்டாம், 650 லிட்டர் வைப்போம் என்றார்கள் இருவர். பேச்சு தடித்து, கூட்டத்தை விட்டே எழுந்து போனார்கள். நம் கிராணி ஒருவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எங்கள் வேன் தாங்கும் சுமை 650 கிலோ. ஆட்கள் இருவர் 140 கிலோ. தொட்டி, சட்டம், பம்பு, பாட்டரி, வடிகட்டிகள், குழாய், கழிகள் எல்லாம் சேர்த்து 110 கிலோ. மிச்சம் 400. ஆகவே 400 லிட்டருக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. எழுந்து போனவர்கள் மறுநாள் வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு சண்டையில்லை.

சுமை சரியாயிருந்தால் மட்டும் போதாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் எதன்மீதோ மோதி ஒரு மீட்டருக்குள் நின்றால், உள்ளே உள்ள சாமான் தன் எடையைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு விசையோடு முன்னே பாயும். 400 கிலோ நீர் 4 டன்னாக ஓட்டுநர் முதுகில் இடிக்கும். கயிறும் வாரும் அதைப் பிடித்து நிறுத்தா. ஆகவே தொட்டியை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, வேனின் தரையைத் துளைத்து, அடியில் கனத்த தகடு கொடுத்து முடுக்கினோம். பாதி நிறைந்த நீர் வளைவில் அலைந்து வண்டியைச் சாய்க்காதிருக்கத் தொட்டிக்குள் தடுப்புகளும் உண்டு. வண்டியில் மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

தொட்டியிலிருந்து 12 வோல்ட் பம்பு நீரைத் தள்ளுகிறது. அதற்குத் தனிப் பாட்டரி. பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். தூரிகையில் நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் விட்டால், 400 லிட்டர் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நடப்பதும் கழி மாற்றுவதும் போக, ஒரு நாள் வேலைக்குப் போதும். மேல் சட்டத்தை முதலில் தேய்த்து, கடைசியில் கண்ணாடியை மேலிருந்து கீழாக அலச வேண்டும்.

மூன்று ஆபத்துகளை மனத்தில் பதியுங்கள். முதலாவது, மின்கம்பி. கார்பன் கழியில் மின்சாரம் பாயும். செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கழியைக் கம்பியில் பட விடாதே என்று நாம் சொல்கிறோமே, அதே எச்சரிக்கை இங்கும். இரண்டாவது, வெயில். 45 டிகிரிக்கு மேல் சூடேறினால் சவ்வு கெடும். மூடிய வேன் நம் ஊர் வெயிலில் அதற்கு மேலும் கொதிக்கும். நிழலில் நிறுத்துங்கள். மூன்றாவது, தேங்கிய நீர். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகும். தூவல் நீரோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். வேலையில்லாத நாட்களில் தொட்டியைக் காலி செய்யுங்கள். வெளிச்சம் புகாமல் மூடி வையுங்கள். பார்வைக்குத் தெளிவாக இருக்கிறதென்று அந்த நீரைக் குடிக்காதீர்கள்.

தோழர்களே! வேனில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. காலையில் மானி காட்டிய எண், பிடித்த நீர், மாற்றிய ரெசின், அன்றைய வரவு, செலவு எல்லாம் அதில் உண்டு. நால்வருக்கும் இப்போது சொக்சோ சந்தா கட்டப்படுகிறது. ஏணி ஒன்றுகூட வேனில் இல்லை. வேண்டுமென்றே ஏற்றவில்லை.

விழுந்த தம்பி இனி ஏற முடியாது. ஆனால் தரையில் நின்று கழி பிடிக்க முடியும். வடிகட்டியைக் கவனிக்க முடியும். வரும் மாதம் முதல் அந்த நோட்டுப் புத்தகம் அவன் கையில் இருக்கும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. வெளியே மரத்தடி நிழலில் வேன் நிற்கிறது. கூட்டம் கலைந்ததும் வந்து பாருங்கள். குறை கண்டால் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.