பிழையையும் பேசுவோம்



1857ஆம் ஆண்டிலே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொறியியலாளர் சங்கமொன்று தோன்றிற்று. பேராசிரியர் றாங்கின் அதன் முதல் தலைவர். ஏட்டறிவும் தொழிலறிவும் இணைந்து செல்லல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே ஆண்டுதோறும் சொற்பொழிவுகளும் விருந்தும் நிகழ்ந்து வருகின்றன. விருந்தின் சுவை அன்றோடு தீரும். சொற்பொழிவின் பயனோ நெடுநாள் நிற்கும்.

1879இல் அந்நாட்டின் டே ஆற்றுப் பாலம் புயலில் இடிந்தது. அதன்மேற் சென்ற புகையிரதத்தில் ஒருவரும் பிழைத்திலர். காற்றின் விசையைப் போதிய அளவு கணியாமை ஒரு காரணமென விசாரணையில் வெளிப்பட்டது. அப்பாடத்தைக் கற்றமையாலன்றோ 1890இல் திறக்கப்பெற்ற போர்த் பாலம் இன்றும் நிற்கின்றது!

ஆதலின், சங்கங்களில் ஆண்டு நிகழ்ச்சிகளை வகுக்கும் நாம், வெற்றியைப் போற்றும் நாட்களோடு பிழையை ஆராயவும் ஒரு நாளை ஒதுக்குவோமாக. பிழையை மறைத்தல் பிறர் உயிரைப் பணயம் வைத்தலாகும்.