கானாடுகாத்தான் கொத்தனாருக்கு ஒரு நாற்காலி



செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் என்றதும் அரண்மனைப் பேச்சுதான் வருகிறது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டி முடித்த மாளிகை, பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு. எல்லாம் உண்மை. அந்தச் சுவரைக் கண்ணாடியாய்த் தேய்த்த கொத்தனார் பெயர் என்ன? (கைதட்டல்)

சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய்ச் சாறு ஊற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய் தேயென்று தேய்த்தார். நூறு வருஷம் கழித்தும் தொட்டால் சில்லென்கிறது. பெயின்டே கேட்காத சுவர்!

கானாடுகாத்தான் மழை பொய்க்கும் செம்மண் பூமி. ஓட்டில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கும். மிஞ்சியது ஊருணிக்கு ஓடும். வீட்டின் முகப்பு ஒரு வீதியில், கொல்லைக் கதவு அடுத்த வீதியில். நடுவே வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. தலைவாசலில் நின்றால் கொல்லை வெளிச்சம் தெரியும்.

வளவைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, உலை தனி! மாமியார் மருமகள் சண்டைக்குக் கட்டடத்திலேயே வழி கண்ட ஊர் ஐயா அது! (சிரிப்பு)

இந்த வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவில் வட்டித்தொழிலில் வந்தது. 1930-களில் நெல் விலை சரிந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. கால்நடையாகவே ஊர் திரும்பியவர்கள் உண்டு. வீடு நின்றது, வருமானமும் நின்றது.

அப்புறம் வந்தார்கள் பாருங்கள், மரபு மரபு என்று சொல்லிக்கொண்டே தூணை உருவும் பழம்பொருள் வியாபாரிகள்! ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். எல்லாரும் ஒத்துவந்தால்தான் ஓடு மாற்றலாம். அந்தச் சந்தில் நுழைந்து நிலைக்கதவுக்கு விலை பேசுகிறார்கள்.  செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஊர் இருந்தால் போதுமா, ஊரில் தூண் வேண்டாமா? (பலத்த கைதட்டல்)

கொத்தனாரிடம் வருவோம். அவரைப் போன்ற கைவினைஞர்கள் பக்கத்து ஆத்தங்குடியில் இன்றும் தரைக்கல் வார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றுவார்கள். மேலே சிமெண்டும் மணலும். தண்ணீரில் ஊறி எழுந்ததும் கண்ணாடி கழன்றுவிடும், மினுமினுப்பு கல்லிலேயே தங்கிவிடும். அடுத்த வருஷம் இதே மேடையில், முன்வரிசையில், அப்படி ஒருவரை உட்கார வையுங்கள். பொன்னாடை அவருக்குப் போகட்டும்.