வரைபடத்தை யார் வரைந்தார்கள்?



காலநிலை, நீடித்த வளர்ச்சி என்று எந்தத் திட்டம் வந்தாலும் கூடவே ‘மக்கள் பங்கேற்பு ஆய்வு’ வருகிறது. ஊரைக் கூட்டி, தரையில் கோலப்பொடியால் வரைபடம் போடச் சொல்கிறார்கள். கண்மாய் எங்கே, மடை எங்கே, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று மக்களே சொல்கிறார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றோர் 1990களில் பரவலாக்கிய முறை இது. அதிகாரி கொண்டுவரும் கேள்வித்தாளைவிட மேலானதுதான். ஆனால், அது நன்றாக நடந்ததா என்பதை எதை வைத்து மதிப்பிடுகிறோம்?

பெரும்பாலும் தலைகளை எண்ணித்தான். வந்தவர்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, பட்டியல் சாதியினர் இத்தனை என்று எழுதிவிட்டால் முடிந்தது. கூட்டம் கோயில் வாசலில் நடந்ததா, சேரியிலிருந்து வந்தவர் உட்கார்ந்தாரா, ஓரமாக நின்றாரா என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. நாளைக்கு யார் வயலில் கூலி வேலைக்குப் போக வேண்டுமோ, அவர் எதிரில் நின்று ஒருவர் எதை மறுத்துப் பேசுவார்? அந்த மௌனத்தைத்தான் ‘ஒருமித்த கருத்து’ என்று எழுதுகிறோம். மானுடவியலாளர் டேவிட் மோஸ் 1994லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: இத்தகைய ஆய்வு பொதுவெளியில் நடக்கும் நிகழ்ச்சி, அங்கே அதிகாரம் உள்ளவர்களின் கருத்தே ஊர்க் கருத்தாகப் பதிவாகிவிடும்.

நம் கண்மாய்களையே பாருங்கள். எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறும், எங்கே கரை கசியும் என்பது மடை திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். பல ஊர்களில் அவர் தலித். ஆய்வாளர் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். ஆனால் தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டம் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களை வைத்தே சங்கம் அமைக்கிறது. நிலமில்லாதவரின் அறிவு வேண்டும், அவர் வாக்கு வேண்டாம். மீன் குத்தகை, வண்டல் மண், கருவேல மர ஏலம் ஆகியவற்றில் அவருக்கு என்ன பங்கு என்ற கேள்வி வரைபடத்துக்குள் வருவதே இல்லை.

‘எல்லோருக்கும் அழைப்பு உண்டு’ என்பார்கள். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடும் தீர்மானம் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923இல் நிறைவேறியது. மகத் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க 1927இல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு போக வேண்டியிருந்தது. போனவர்களுக்கு அடியும் விழுந்தது. தாளில் திறந்த கதவு தரையிலும் திறந்திருக்கும் என்று நம்ப நமக்கு வழியில்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு என் பரிந்துரை இது. ஊரிலும் சேரியிலும் தனித்தனியாக வரைபடம் போடுங்கள். இரண்டும் மாறுபட்டால் ஒன்றாக்கிச் சமன்செய்யாதீர்கள். அந்த வேறுபாடுதான் உங்கள் தரவு. முதல் கேள்வியை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதுங்கள். திட்டத்தை வேண்டாம் என்று சொன்னவருக்குப் பிறகு கூலி வேலை கிடைத்ததா என்று போய்ப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து, குத்தகையும் ஏலமும் யார் கையில் இருக்கின்றன என்று கேளுங்கள்.

கண்மாய் நிறைந்தும் கை மாறாதது எதுவோ, அதையும் அளக்காத ஆய்வை மாற்றத்துக்கான ஆய்வு என்று அழைக்க வேண்டாம்.